கெட்டிமேளத்துக்கு ஒரு ஸ்விட்ச்

காது கேட்காத மனிதர் மைக் செட் வாடகைக்கு விட்டார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். என் அப்பா விட்டார். பஞ்சாலைத் தறிகளின் இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருந்தது. ஆனால் ஸ்ரீராம்புரத்தில் மேளக்காரர்களை அமர்த்த வசதியில்லாத வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் அவருடைய இசைத்தட்டுகள்தான் நாதஸ்வரமும் தவிலும்.

பந்தல் சந்தில் இருக்கும். மைக் செட்டோ கரண்ட் இருக்கிற ஏதாவது ஒரு வீட்டுக்குள் இருக்கும். தாலி கட்டுவதை அங்கிருந்து பார்க்க முடியாது. அதனால் அப்பா மணவறையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, இந்த முனையில் டார்ச் பல்பு மாட்டிவிடுவார். ஐயர் கையசைத்ததும் அங்கே ஒருவர் பொத்தானை அமுக்குவார், இங்கே பல்பு எரியும், அப்பா ஊசியை இறக்குவார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, பெண் மணவறைக்கு வர ஒன்று, கடைசியில் கெட்டிமேளம் என்று தட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். காது கேட்கிறவன் நாலு பேர் பேச்சில் கவனத்தை விட்டுவிடுவான். அப்பாவின் கண் பல்பை விட்டு நகராது. ஊசி ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டால் மட்டும் அவருக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் அவர் முழங்காலில் தட்டுவேன்.

தொம்மலூரிலிருந்து எனக்கு வரன் வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம். அப்பாவுக்குக் காது கேட்காது என்று தெரிந்தால், குடும்பத்திலேயே வருகிற கோளாறு என்று நினைத்துவிடுவார்களே. தாலி ஏறும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா எல்லோரிடமும் சத்தியம் வாங்காத குறைதான். நிச்சயத்தன்று அப்பா பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, எல்லாக் கேள்விகளுக்கும் அம்மாவே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். பெண்ணின் அப்பா ரொம்பச் சாது என்று மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டார்களாம். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பா என்ன திருட்டா செய்துவிட்டார், ஒளித்து வைப்பதற்கு?

மாப்பிள்ளையை வளர்த்த பெரியம்மாதான் அந்த வீட்டில் எல்லாம். அவர் மேளக்காரர்களை வைக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தட்டு போட்டுத் தாலி கட்டுகிற கூத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்றாராம். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் கெட்டிமேளம் போட்ட அப்பாவுக்கு என் கல்யாணத்தில் அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒரு நொடிகூடப் பிசகாது என்று அம்மா மூலம் சொல்லியனுப்பினார். அரைமனதோடு பெரியம்மா இறங்கி வந்தார்.

ஆனால் பெண்ணைத் தாரை வார்ப்பவர் மணவறையில் அல்லவா இருக்க வேண்டும்? அதற்கும் அப்பா வழி கண்டுபிடித்தார். ஊசியைத் தட்டின் ஓரத்தில், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் உள்ள வெற்று வரியில், முன்கூட்டியே இறக்கி வைத்தார். தட்டைச் சுற்றும் மோட்டாருக்குப் போகும் கரண்டை மட்டும் நீள ஒயரில் மணவறைக்குக் கொண்டுவந்து, ஒரு ஸ்விட்சில் முடித்தார். அமுக்கினால் தட்டு சுழன்று வேகம் பிடிக்கும், பிறகு மேளம் வரும். மறுபடி அமுக்கினால் நிற்கும். அந்த ஸ்விட்சைத் தன் பலகையின் ஓரமாக, மேல்துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்று காலை அவர் முகத்தில் இருந்த களையைப் பார்த்தால் அவருக்கே கல்யாணம் என்று நினைப்பார்கள்.

தாரை வார்க்கும் நேரம். என் கை அப்பாவின் உள்ளங்கையில் இருந்தது. அம்மா செம்பிலிருந்து நீர் ஊற்றினாள். தாலித் தட்டு இன்னும் கூட்டத்தில் கைமாறிக்கொண்டிருந்தது. பெரியம்மா பந்தலின் மறுகோடியில் நின்று பெரியவர்களிடம் அதை நீட்டிக்கொண்டிருந்தார். மந்திரத்துக்கு ஏற்ப அப்பா முன்னால் குனிந்தார். அவர் முழங்கால் ஸ்விட்சின் மேல் அழுந்தியது.

கெட்டிமேளம் சந்து முழுவதையும் அதிர வைத்தது. மேளம் கேட்டதும் அட்சதை போட்டுத்தானே நமக்குப் பழக்கம்? என்ன ஏது என்று பார்க்காமல் மொத்தக் கூட்டமும் அள்ளி வீசியது. மாப்பிள்ளை வெறுங்கையோடு விழித்தார். நிறுத்து, நிறுத்து என்று பத்துக் குரல்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் வேறு "நில்லிசி, நில்லிசி" என்று கையை ஆட்டினார். அப்பா தலையில் விழுந்த அரிசியோடு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். தாரை வார்க்கும்போதே அட்சதை போடுவது தொம்மலூர்க்காரர்களின் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். பிறகு அவரே சொன்னார்.

அவர் கையில்தான் என் கை இருந்தது. விரலால் அவர் உள்ளங்கையில் தட்டினேன். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. துண்டை விலக்கி ஸ்விட்சை அமுக்கினார். மேளம் இழுத்து முனகி அடங்கியது. அந்த அமைதியில் எல்லோருடைய கண்ணும் அவர் மேல்தான். இனி ஒளிக்க எதுவும் இல்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அவர் தலை குனிந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

பெரியம்மா தாலித் தட்டோடு நேரே வந்தார். கல்யாணப் பெண் நிமிரக் கூடாதாம். நான் நிமிர்ந்தேன்.

"எங்கப்பாவுக்குக் காது கேக்காது. தறி ஓட்டி ஓட்டிப் போச்சு. பிறவியில வந்தது இல்ல. வேணும்னா எழுந்து போங்க, அவரை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க."

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா? நான் ஏன் அந்தக் கோடியில நிக்கறேன், பக்கத்துல நின்னு சைகை காட்டியிருப்பேனே" என்றார். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, ஊசியைப் பழையபடி வைத்துவிட்டு வரச் சொன்னார்.

அம்மா ஓடினாள். சனங்கள் ஜமக்காளத்தில் சிதறிய அரிசியைக் குனிந்து பொறுக்கினார்கள். ஐயர் அவசரப்படுத்தினார். என் கை அப்பாவின் கையிலிருந்து மாப்பிள்ளையின் கைக்கு மாறியது. பெரியம்மா விரலை உயர்த்தினார், அப்பா ஸ்விட்சை அமுக்கினார், மாப்பிள்ளை என் கழுத்தருகே குனிந்தார்.

அப்பா தாலியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் ஊசியை இறக்கும்போதெல்லாம் ஊர் அறியாமல் என் காதோடு கேட்டுக்கொண்டதை அன்று மேளத்துக்கும் மேலே உரக்கக் கேட்டார்:

"சத்தம் வருதாம்மா?"

நான் தாலிக்குக் கழுத்தைக் கொடுத்துக் குனிந்திருந்தேன். பெரியம்மா அவருக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். தன் வாய் அவருக்கு நன்றாகத் தெரியும்படி முகத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"வருது சம்பந்தி. ரொம்ப நல்லா வருது."

அதற்குப் பிறகுதான் அப்பா என் பக்கம் திரும்பி, தாலி ஏறுவதைப் பார்த்தார்.