மூலமாகிப் போன அனுஷம்

கமலவேணிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். வில்லியனூர் தேரடியில் அவள் புருஷன் ஏகநாதன் நடத்திய நோட்டுப் புத்தகக் கடைக்கு வந்து போகிறவர்களுக்கெல்லாம் இது தெரியும். அந்தக் கடையின் ஒரு மூலையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். பிழை என்றால் ஆகவே ஆகாது. கல்யாணப் பத்திரிகையில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால், அதைச் சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவாள்.

அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து எண்பத்தொன்பது ஆவணியில் ஒரு மனிதர் "பித்தலாட்டக்காரி" என்று சொல்லிவிட்டார்.

சொன்னவர் மதகடிப்பட்டு அரிசிக்கடை தங்கவேல். அவர் மகனுக்கு உறுவையாறு தையலம்மாளின் பெண் சிவகாமசுந்தரியைப் பேசி முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். தை மாதத்தில் தையலம்மாள் இதே கடையில் வாங்கிய ஜாதகத்தில் பெண்ணுக்கு அனுஷம், பொருத்தமும் அமைந்திருந்தது. தன் கையிலும் ஒரு நகல் இருக்கட்டும் என்று திங்கட்கிழமை தங்கவேல் வந்து கேட்டார். கமலவேணி அச்சடித்துக் கொடுத்தாள். அதில் மூலம்.

பெண் மூலம் நிர்மூலம் என்று எவனோ எதுகைக்காகச் சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டான். அவஸ்தை ஊரில் இருக்கிற பெண்களுக்கு. அதிலும் மூலத்தில் பிறந்த மருமகள் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். இங்கே மாமனாரோ குத்துக்கல்லாட்டம் எதிரே நிற்கிறார்.

"மொதல்ல அனுஷம், இப்ப மூலமா? பொண்ணு வூட்டுக்காரங்க சொல்லி மாத்திக் குடுத்தியா? பித்தலாட்டக்காரி" என்றார். காகிதத்தை மேசை மேல் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தையலம்மாள் ஓடி வந்தாள். மேரி என்கிற முனிசிபல் ஆபீசில் வாங்கிய பிறப்புச் சீட்டைத் தங்கவேலிடம் காட்டியிருக்கிறாள். "பொறந்த அன்னிக்கேவா போயி எழுதுனீங்க? தோதான தேதியாப் பாத்து எழுதியிருப்பீங்க" என்று அவர் அதையும் தள்ளிவிட்டாராம்.

"எம்பொண்ணு சோறு தின்னலக்கா. இந்த மூலம் ஊர் பூரா பரவிட்டா அவள எவன்க்கா கட்டுவான்?" என்று அழுதாள் தையலம்மாள்.

பிறந்த விவரம் எழுதும் நோட்டில் பதினைந்தாம் தேதி என்று கமலவேணியே எழுதியிருந்தாள். திரையில் பதினேழு என்று நின்றது. இரண்டு நாள் தள்ளினால் அனுஷம் போய் மூலம் வரத்தானே செய்யும். ஆனால் தையில் சரியாக இருந்த தேதி ஆவணியில் எப்படி மாறும்? புதன்கிழமை பூராவும் நோட்டையும் திரையையும் வைத்துக்கொண்டு முந்நூறு பேரின் விவரத்தையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வரி கெட்டிருந்தது.

எதிர்க்கடை பஷீர் அகமது ரேடியோ, டிவி மெக்கானிக். கம்ப்யூட்டர் வேலையும் சென்னையில் ஆறு மாதம் கற்றவர். ஆடியில் கரண்டு எகிறி இந்தப் பெட்டியின் மதர்போர்டு கருகியபோது புதுசு வாங்கி மாட்டியது அவர்தான். வியாழக்கிழமை காலையில் வந்து சோதித்தார்.

"டிஸ்க்குல ஒரு கொறையும் இல்லக்கா. டைப் அடிக்கிறப்ப கை தவறியிருக்கும்."

கமலவேணியின் குரல் இறங்கியது. "பாய், கை தவறுனா பக்கத்துக் கட்டையில வுழும். அஞ்சு நாலாவும், இல்லன்னா ஆறாவும். ஆறத் தாண்டிப் போயி ஏழுல குதிக்குமா? இதப் பாருங்க. அஞ்சு ஏழாயிருக்குது. ஒண்ணு மூணாயிருக்குது. நாலு ஆறாயிருக்குது. எல்லாம் ரெண்டு ரெண்டா ஏறியிருக்குது, ஒண்ணுகூட எறங்கல. ரெண்டு, மூணு, ஆறு, ஏழு இருக்கற எடத்த அது தொடவே இல்ல."

பஷீர் நோட்டை வாங்கிப் பார்த்தார். அப்படியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, ஒரு எழுத்து உள்ள போறதுக்கு எட்டு கம்பி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மதிப்பு, ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு. அதுல ரெண்டாங் கம்பி மட்டும் கரண்டு இல்லாதப்பவும் இருக்குன்னு பொய் சொல்லுது, அதான் ரெண்டு கூடிடுது. ரெண்டு, மூணு, ஆறு, ஏழுல அந்தக் கம்பியில முன்னாடியே கரண்டு இருக்கறதால ஒண்ணும் மாறல. டிஸ்க்கு பாவம், வந்தத ஒழுங்கா எழுதி வெச்சிருக்குது. நான் மாட்டுன போர்டு புதுசு. டிஸ்க்க ஓட்டற கார்டு பழசு. இது ரெண்டுக்கும்தான் ஒத்துக்கல. ஆனா என் கடையில ஓட்டிப் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துது."

சொல்லிக்கொண்டே பெட்டியின் முகப்பைப் பார்த்தார். சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இந்த டர்போ பட்டன யாரு போட்டது?"

"நான்தான் பாய்" என்றார் ஏகநாதன். "தெனம் கடை தொறந்து கற்பூரம் காட்டிட்டு அதப் போட்டுடுவேன். வெளக்கு வெச்ச பொட்டிய அணைச்சு வெக்கலாமா? கடைக்கு ஆவுமா?"

பஷீர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பட்டனை அமுக்கினால் மதர்போர்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். பழைய கார்டால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. கமலவேணி மாதா மாதம் பெயர்களை வரிசைப்படுத்தும்போது பட்டியல் முழுக்கத் திரும்ப எழுதப்படும். அப்போதுதான் அங்கங்கே கெட்டிருக்கிறது.

விளக்கை அணைத்துவிட்டுப் பட்டியலைப் பத்து முறை நகல் எடுத்தார்கள். ஒரு புள்ளி மாறவில்லை. விளக்கைப் போட்டார்கள். மூன்றாவது நகலிலேயே நாலு இடம் கெட்டது. அப்பாடா என்று கமலவேணி நாற்காலியில் சாய்ந்தாள். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. தன் கை தவறவில்லை. அந்தப் பெண்ணும் பிழைத்தாள். கூடவே புருஷன் மேல் வந்த கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள்.

மத்தியானம் தையலம்மாள் தங்கவேலைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தாள். கமலவேணி அவர் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு, அதையே நூறு வரி போட்டு, சரியா என்று அவரையே பார்க்கச் சொன்னாள். விளக்கைப் போட்டு நாலைந்து முறை நகல் எடுத்துவிட்டுத் திரையைத் திருப்பினாள்.

"இது இன்னா, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு?" என்றார் தங்கவேல்.

"நீங்க பொறந்த வருஷம்ண்ணே. ஒண்ணு மூணாயிடுச்சு. இந்த மிஷின் சொல்றபடி பாத்தா, நீங்க பொறக்க இன்னும் ரெண்டாயிரம் வருஷம் கெடக்குது."

தையலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "பொறக்காத மாமனார மூலம் இன்னா பண்ணும் சம்பந்தி?"

தங்கவேல் ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். விளக்கை அணைத்து, தேதியைத் திருத்தி, கமலவேணி புதிதாக ஒரு நகல் எடுத்துக் கொடுத்தாள். அனுஷம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர், "அன்னிக்கு வாய் தவறிடுச்சும்மா" என்றார்.

"தவறுனா பக்கத்துலதாண்ணே வுழும். நீங்க பித்தலாட்டக்காரி வரைக்கும் போயிட்டீங்களே."

"தப்புதான். நாளைக்கு நீயும் வந்துடணும்."

டர்போ பட்டன் மேல் பஷீர் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனார்; புது கார்டு வரும்வரை யாரும் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை கமலவேணி உறுவையாற்றுக்குப் போனாள். லக்னப் பத்திரிகையைச் சபையில் வாசிக்க எடுத்தார்கள். ஒரு நிமிஷம் குடுங்க என்று கைநீட்டி வாங்கி, தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.