லூஸ் த்ரெட்ஸின் நாகமணி அக்கா

செவ்வாய்க்கிழமை காலையில் சீனு கூப்பிட்டான். அவன் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை. செல்போனில் அவன் பெயரைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவனுடைய அக்கா நாகமணிக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, இனி மருத்துவமனையும் வீடுமாக அலைய வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. மூக்கிலும் கையிலும் குழாய் செருகிய நிலையில் அவரைப் போய்ப் பார்க்க நேருமோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன்.

“அக்கா போயிட்டாங்க சேகரு,” என்றான் சீனு. “காபி குடிச்சாங்க. டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சாங்க. நாற்காலில வந்து உட்காந்தாங்க. அவ்ளோதான்பா. வலியே இல்ல.”

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ‘அப்பாடா’ என்றுதான் வந்தது. அவரை அறிந்த நீங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். அழுகை பிறகு வந்தது, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் மின்சார கிதாரும் டிரம்ஸுமாக ஒரு ராக் இசைக்குழு இருந்தது. கல்லூரியில் ஒன்றாகப் படித்த மூன்று பேர் சேர்ந்து தொடங்கினோம். கிதார் வாசித்துப் பாடியவன் வரதன். சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கும் குடும்பத்துப் பையன். பேஸ் கிதார் நான். எங்களுடையது முசரவாக்கத்தில் ஏர் ஓட்டிய குடும்பம். டிரம்ஸ் சீனு. அவன் அப்பா நாகய்யா வீட்டிலேயே தறி போட்டிருந்தார். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். நெசவு ஊர்க்காரர்கள் என்பதால் குழுவுக்கு ‘லூஸ் த்ரெட்ஸ்’ என்று வரதன் பெயர் வைத்தான். ஊர் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு எங்களை ‘லூசுங்க’ என்றது.

சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை, ஆங்கிலப் பாட்டைக் காப்பி அடிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். சொந்தமாகத் தமிழில் எழுதினோம். பஸ்ஸுக்குக் காத்திருப்பது, வேலை கிடைக்காதது, மண்ணெண்ணெய் வரிசை, இவைதான் எங்கள் பாட்டுகள். சீனு வீட்டின் பின்னறையில் ஒத்திகை. முன்கூடத்தில் தறிகள் ஓடும் சத்தத்தில் எங்கள் சத்தம் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அமாவாசையன்று மட்டும் ஒத்திகை கிடையாது. அன்று தெருவில் எல்லாத் தறிக்கும் விடுமுறை, எங்கள் டிரம்ஸ் மட்டும் கேட்டால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

சென்னையில் கல்லூரி இசைக்குழுக்களுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். பெயர் கொடுத்துவிட்டோம். போட்டி நெருங்கும்போது சீனுவுக்கு வடக்கே ரயில்வேயில் வேலை கிடைத்து, உடனே கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. அவனை ரயிலேற்றிவிட்டு வந்து வரதனும் நானும் பின்னறையில் ஆளில்லாத டிரம்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

நாகமணி அக்கா உள்ளே வந்தார். எங்களைவிட இரண்டு வயது மூத்தவர். ஆரணியில் கட்டிக்கொடுத்து, ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டவர். அடுத்த அறையில் நூல் சுற்றிக்கொண்டிருப்பார், அதிகம் பேசமாட்டார். ஏன் திரும்பி வந்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரது இடது மணிக்கட்டு ஒடிந்து, சற்றே வளைந்து சேர்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் யாரும் கேட்கமாட்டார்கள்.

“தள்ளு, நான் உட்காரறேன்,” என்றார்.

“உங்களுக்கு வாசிக்க வருமா அக்கா?” என்றான் வரதன்.

“சீனுதான் சொல்லிக்குடுத்தான். நீங்க ரெண்டு பேரும் போன பின்னாடி நான்தான் வாசிச்சிக்கினு இருப்பேன். சொல்லவேணாம்னு சொல்லி வெச்சிருந்தேன்.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலால் பெடலை மிதித்தார். இடது கைக் குச்சியை எல்லோரையும் போல அவரால் பிடிக்க முடியவில்லை. கரண்டி பிடிப்பதுபோல் மேலிருந்து பிடித்தார். முதல் பாட்டு முடிந்ததும் வரதன் என்னைப் பார்த்துச் சிரித்தான். போட்டிக்குப் போகலாம் என்பது முடிவாகிவிட்டது.

போட்டியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. பருத்திப் புடவையோடு டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்ததும் அரங்கம் சிரித்தது. இரண்டாவது பாட்டில் சிரிப்பு அடங்கியது. மூன்றாவதில் பின்வரிசை எழுந்து நின்றுவிட்டது. அடுத்த வாரம் ஒரு பத்திரிகையில் அவர் படம் வந்தது, இரண்டு குச்சிகளும் அந்தரத்தில், வாய் திறந்து சிரிக்கிற மாதிரி.

அந்தப் படம் ஆரணிக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதம் கழித்து அவருடைய மாமனாரும் மூன்று பெரியவர்களும் வந்து நாகய்யா வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஊர்ப் பிரமுகர் ஒருவரை மத்தியஸ்தத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். அவருக்குத் தெலுங்கு தெரியாததால் பேச்சு தமிழில் நடந்தது. தறிகளை நிறுத்திவிட்டார்கள். ஒத்திகைக்கு வந்திருந்த நாங்கள் வெளியே போக வழியில்லாமல் பின்னறையிலேயே மாட்டிக்கொண்டோம். எல்லாம் காதில் விழுந்தது.

“உம்பொண்ணு பசங்களோட சேர்ந்துக்கினு டப்பா தட்டுதாமே, மெய்தானா?” என்றார் ஒரு பெரியவர்.

“தட்டுது,” என்றார் நாகய்யா. “நல்லா தட்டுது.”

“அதெல்லாம் வுட்டுட்டு வந்தா, பழசை மறந்துட்டு சேத்துக்கறேன்னு சொல்றாங்கப்பா,” என்றார் பிரமுகர். “பெரிய மனசு பண்ணி வந்திருக்கிறாங்க.”

“அவங்க மறந்துடுவாங்க. நான் எப்படி மறக்கறது? அந்தக் கை எனக்குச் சோறு போடறதை தெனம் பாத்துக்கினுதான நான் துன்றேன்?”

பிறகு மாமனார், எதுவானாலும் பெண்ணின் வாயால் சொல்லட்டும் என்றார். நாகய்யா மகளைக் கூப்பிட்டுத் தெலுங்கில் கேட்டார்: “போத்தாவா, அம்மா?”

போகிறாயா என்கிறார். அது எங்களுக்குப் புரிந்தது. அக்கா சொன்ன பதில் ஒரே வார்த்தை. அவருக்கே உரிய மெதுவான குரலில், “போனு, நாயனா.”

வரதனுடைய முகம் வெளுத்துவிட்டது. “போறேன்னுட்டாடா,” என்றான். “அக்கா போறேன்னு சொல்லிட்டா.”

எனக்கும் அப்படித்தான் கேட்டது. சாப்பிடக் கூப்பிடுவது, தண்ணீர் கேட்பது தாண்டி எங்கள் இருவருக்கும் தெலுங்கு தெரியாது. முன்கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. செருப்புச் சத்தம். வாசலில் ஏதோ பேச்சு. அவரை அழைத்துப்போகிறார்கள் என்றே நினைத்தோம். வரதன் கிதாரை உறைக்குள் வைக்கத் தொடங்கினான். அந்த மணிக்கட்டைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார்.

“இன்னா, ரெண்டு பேரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு உட்காந்துக்கினு கீறீங்க? யார் செத்தா?”

“நீங்க போகலையாக்கா?” என்றேன்.

“எங்க போறது?”

“போனுன்னு சொன்னேளே!” என்றான் வரதன், அழாத குறையாக.

அவர் எங்களை ஒருமுறை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அட லூசுங்களா! போனுன்னா போகமாட்டேன்னு அர்த்தம்!” என்றார். முன்கூடத்திலிருந்து நாகய்யா எட்டிப் பார்த்து, விஷயம் தெரிந்து அவரும் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல். அந்தச் சிரிப்பின் நடுவில் நாகமணி அக்காவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. முன்கூடத்தில் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. நாங்களும் வாசித்தோம்.

அதன் பிறகு ஏழெட்டு வருடம் லூஸ் த்ரெட்ஸ் நடந்தது. கல்லூரி விழாக்கள், சென்னை ஓட்டல்களில் ஞாயிறு மதியங்கள், சில சமயம் பெங்களூர். டிரம்ஸைப் பஸ் மேலே ஏற்றிக் கட்டும் வேலையை அவர் எங்களை நம்பி விடமாட்டார், தானே மேலே ஏறிவிடுவார். ஐயம்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பில் கூட்டம் சினிமாப் பாட்டு கேட்டுக் கூச்சல் போட்டது. ஒன்றே ஒன்று வாசித்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் குச்சியாலேயே என் தோளைத் தட்டி, “அத வாசிக்க ஆயிரம் பேர் இருக்கிறாங்கப்பா. இத வாசிக்க நம்மள வுட்டா யாரு?” என்றார். பாதிக் கூட்டம் சாப்பிடப் போய்விட்டது. மீதிப் பாதியில் மாப்பிள்ளையும் பெண்ணும் இருந்தார்கள்.

ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் எங்கள் பாட்டுகளைக் கேட்டுவிட்டு இசைத்தட்டு போடச் சம்மதித்தார்கள். அங்கிருந்தவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “அம்மா ஓரமா நின்னு பாடட்டும். டிரம்ஸுக்கு நம்ம ஆளு இருக்காரு.” நான் வாயைத் திறப்பதற்குள் வரதன் கிதாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டான். பஸ்ஸில் திரும்பினோம். வாலாஜாபாத் தாண்டியதும் நாகமணி அக்கா, “நல்ல வேளை,” என்றார். “இன்னா நல்ல வேளை?” என்றேன். “எனக்கு சுத்தமா பாட வராது. மாட்டிக்கினு இருந்திருப்பேன்.” மூவரும் ஊர் வரும்வரை சிரித்துக்கொண்டு வந்தோம். பிறகு சின்னக் கூடம் ஒன்றில் அவரே வாசிக்க, இரண்டு பாட்டு கொண்ட தட்டு ஒன்று வந்தது. ஒரு பக்கம் ‘போனு’. அந்தப் பாட்டை வரதன் ஒரே மூச்சில் எழுதினான். உங்களில் சிலரிடம் இன்னும் அது இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் வரதனுக்கு டெல்லியில் வேலை கிடைத்தது. எனக்குக் கல்யாணம் ஆனது. குழு தானாக நின்றது. சண்டையில்லை, வருத்தமும் அதிகமில்லை. நாகமணி அக்காவுக்குக் கோர்ட்டில் விவாகரத்து கிடைத்திருந்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை என் மனைவி, தனியாக இருக்கிறீர்களே அக்கா என்று வருத்தப்பட்டாள். “தனியா இருக்கிறேன்னு சொல்லாதம்மா. நிம்மதியா இருக்கிறேன்னு சொல்லு,” என்றார். அதை அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குள் நுழைந்த எவருக்கும் அது தெரியும். ஐம்பது வயதுக்கு மேலும் சாயங்காலங்களில் டிரம்ஸ் வாசித்தார். எதிர்வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்கவில்லையென்றால் உடம்பு சரியில்லையா என்று விசாரிக்க வருவார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மற்ற டிரம்மர்கள் பாட்டைத் தொடங்கக் குச்சிகளைத் தட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். அவர் எண்ணமாட்டார். வரதனைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு அடக்கி வைத்திருந்த மூச்சை நிதானமாக வெளியே விடுவார். எங்களையும் அறியாமல் நாங்களும் விடுவோம். அது முடியும் இடத்தில் மூன்று பேருடைய முதல் அடியும் சேர்ந்து விழும். ஒருமுறைகூடப் பிசகியதில்லை. மகளைப் பிரசவ அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றபோது அப்படித்தான் மூச்சு விட்டேன். என் அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் அப்படித்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் நான் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தபோது, ஓய்வுக்குப் பிறகு டெல்லியை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டிருந்த வரதன் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தான். தலை முழுக்க வெள்ளை. உள்ளே அவரைக் கிடத்தியிருந்தார்கள். இருவருக்குமே படியேறக் கால் வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மூச்சை விட்டோம். சேர்ந்தே உள்ளே போனோம்.