தொண்ணூற்றெட்டில் கொதித்த தண்ணீர்

ஸ்பிரிட் விளக்கின் வாடையும் மழையில் ஊறிய சுவரின் பூஞ்சண நெடியும் கலந்த ஒரு மணம், கண்டியில் நான் படித்த பாடசாலையின் விஞ்ஞானகூடத்தை நினைத்தாலே மூக்கில் ஏறிவிடுகிறது. பத்தாம் தரத்தில் ஒருநாள் அங்கே தண்ணீரின் கொதிநிலையை அளந்தோம். அளந்தோம் என்பது பேச்சுக்குத்தான். வெப்பமானி தொண்ணூற்றெட்டுக்கு மேல் ஏற மறுத்தும் வகுப்பே நூறு என்று எழுதியது, ஏனென்றால் புத்தகத்தில் இருப்பதுதான் "பொயிண்ட்", பரீட்சையில் பொயிண்டுக்குத்தான் புள்ளி.

பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா மட்டும் வேறு இரண்டு வெப்பமானிகளையும் வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு, தொண்ணூற்றெட்டு என்று எழுதினாள்.

"டீச்சர், நுவரெலியாவுல எங்க மாமி வீட்டுல பருப்பு வேக ரொம்ப நேரமாகும். உயரத்துல தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சிருதோ? கண்டியும் மலைதானே. எக்சிபிஷனுக்கு இதைச் செய்யவா? மாமி வீட்டுலயும் அளந்துட்டு வர்றேன்."

"அந்தப் பருப்பையும் கொண்டு வா, சோத்தோட திம்போம்" என்றார் டீச்சர். வகுப்பு சிரித்தது. அவளது தாளில் சிவப்புக் கோடு விழுந்தது. "சொன்னதைச் செய்ற பிள்ளைதான் முன்னுக்கு வரும்" என்ற வழக்கமான வாக்கோடு, அவள் வருடம் முழுவதும் காத்திருந்த கண்காட்சிக் குழுவிலிருந்தும் அவளை எடுத்துவிட்டார். மற்றவர்களான நாங்கள் எரிமலை செய்தோம், வருடாவருடம் செய்யும் அதே எரிமலை.

உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். அவள் சொன்னது சரி. ஆனால் என் கோபம் அதற்கல்ல. கண்டதை நம்பியது ஒன்று, நம்பியதைத் திரும்பச் சோதித்தது இரண்டு, அடுப்படியை ஆய்வுகூடத்தோடு சேர்த்துப் பார்த்தது மூன்று. புதிய யோசனை வானத்திலிருந்து விழுவதில்லை, இந்தப் பழக்கங்களில்தான் முளைக்கிறது. அதை ஒரு சிரிப்பில் கிள்ளி எறிந்தார்கள். நான் இன்று கொதிகலன்களைப் பரிசோதிக்கிறேன். கருவி காட்டாத எண்ணை எழுதினால் என் தொழிலில் ஆள் சாகும்.

போன மாதம் ஸ்டெல்லாவைப் பார்க்க, கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பிலிமத்தலாவைக்குப் போனேன். முன்னறையில் விஞ்ஞான "டியூஷன்" நடந்துகொண்டிருந்தது.

"கொதிநிலை நூறு. யோசிச்சுக்கிட்டு இருக்காம எழுதுங்க" என்றாள்.

"தொண்ணூற்றெட்டு ஞாபகம் இருக்காடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இருக்கு. இதுகளுக்கும் சிவப்புக் கோடு வாங்கிக் கொடுக்கவா? உனக்கென்ன, பேசிட்டுப் போயிருவ. தேத்தண்ணி குடி."

பழைய விஞ்ஞானகூடத்தை இடித்துவிட்டார்களாம். அதற்கு நான் வருந்தவில்லை. வாசலில் செருப்பு மாட்டிய பிள்ளைகளில் ஒருவரும் ஏன் நூறு என்று கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடியவள்தான் அவர்களுக்கு டீச்சர்.