ராஜி மனுவில் ஒரு பெருவிரல் ரேகை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் புறப்படும்போது மாப்பிள்ளையின் அப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"பொண்ணோட அப்பா கோர்ட்டுல கல்யாணத்தத் தீத்துக்கிட்டுப் போனவருன்னு சொல்றீக. அந்தத் தீர்ப்பு நகல் இருந்தா ஒரு பார்வை பாத்துக்கிறோம்."

"அதைக் கரையான் அரிச்சுப்போச்சுங்க" என்றாள் அம்மா.

ஆசிரியர் பயிற்சியில் சேரும்போது இதே காகிதத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். "உங்க மாமா பெட்டியில பத்திரமா இருக்கு" என்று அப்போது சொல்லியிருந்தாள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். அவருடையது தகரப் பெட்டி. தகரத்தில் ஏது கரையான்?

அறுபதுகளின் தொடக்கம் அது. வடமதுரைப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். அப்பாவைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டிருந்தது ரொம்பக் கொஞ்சம். எனக்கு மூன்று வயதாகும்போது, பெண்டாட்டியும் வேண்டாம் பிள்ளையும் வேண்டாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் பெயரை அம்மா சொன்னதில்லை. ஒரு உறவுக்காரர் வாய்தவறிச் சொல்லி, நான் மனதில் வைத்துக்கொண்டதுதான். என் சான்றிதழில் இருந்த இன்ஷியல் மாமாவுடையது.

யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்டுக்கல் பஸ் ஏறினேன்.

கோர்ட்டில் பழைய வழக்குக் கட்டுகள் இருக்கும் அறை பின்பக்கம் இருந்தது. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமலே பேசினார்.

"நம்பர்?"

"தெரியாதுங்க."

"வருஷம்?"

"எனக்கு மூணு வயசா இருக்கையில நடந்தது."

"நீங்க இந்தக் கேசுக்கு யாரு?"

"மக."

"வாதிக்கு மகளா, பிரதிவாதிக்கு மகளா?"

"ரெண்டு பேருக்கும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வழக்கில் சேராதவர்கள் நகல் கேட்டால், எதற்காகக் கேட்கிறோம் என்று எழுதிச் சத்தியப் பிரமாணம் வைக்க வேண்டும் என்றார். மரத்தடியில் இருந்த எழுத்தரிடம் எழுதி வாங்கி, சான்றிதழோடு நீட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதுல இன்ஷியல் ஒண்ணு, நீங்க சொல்ற அப்பா பேரு ஒண்ணு. சொத்துத் தகராறா டீச்சர்?"

"இல்லைங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. நீங்க இன்னாரு மகதான்னு சொல்ல ஒரு ஆளக் கூட்டியாங்க. அதுக்கு மேல கட்டு இருக்கோ, அழிச்சுட்டாகளோ, அதையும் பாக்கணும்."

மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்தால், எதிர் டீக்கடை பெஞ்சில் மாமா. பக்கத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா. மாமா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி டம்ளருக்குள் குனிந்துகொண்டார். எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். எனக்கு முன்னால் வந்து, கட்டை மறைக்க ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மாமா கேட்டார். "இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?"

"உண்டு மாமா. நீங்க எங்கிட்டும் போனீகளா?"

"நான் எங்க போறேன்."

இரண்டு பேரும் பொய் சொன்னோம். நடுவில் உட்கார்ந்து அம்மா வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். கட்டு அழிந்துவிட்டது என்று கோர்ட்டுக் குமாஸ்தா சொல்லப்போகிறார் என்று தயாராகத்தான் நின்றேன். குமாஸ்தா இந்தத் தடவை ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"உங்க மாமா வந்துட்டுப் போனாரும்மா. வழக்கு நம்பர், வருஷம் எல்லாம் குடுத்தாரு. எங்க அக்கா மகதான்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாரு."

அதையும் நான் நம்பவில்லை. தனக்குச் சாதகமாக ஏதோ ஒரு கட்டைக் காட்டிக் கொடுத்திருக்கிறார் என்று தோன்றியது. குமாஸ்தாவிடமே, "இது அந்தக் கேசுதானா, வேற எதையும் மாத்தி வச்சிருக்கலையே?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. "கோர்ட்டு முத்திரை போட்டுத் தருவோம். அதுக்கு மேல உங்க இஷ்டம்."

மூன்று வாரத்தில் நகல் வந்தது. வராந்தாவின் கோடியில் உட்கார்ந்து படித்தேன். நாலு பக்கம்.

வழக்குப் போட்டவர் அப்பாதான். ஆனால் மனைவியையும் மகளையும் தன்னோடு அனுப்பி வைக்கும்படி கேட்டுப் போட்டிருந்தார். தீர்ப்பு என்று ஒன்று சொல்லப்படவே இல்லை. இரண்டு தரப்பும் சமாதானமாகப் போவதாக ராஜி மனு தாக்கல் செய்து முடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பதிகள் பிரிந்து இருப்பது; குழந்தை தாயிடம் வளர்வது; பத்து வயது முடிந்ததும் குழந்தையைத் தகப்பனிடம் ஒப்படைப்பது.

இந்த மூன்றாவதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அடியில் அப்பாவின் ஒப்பம். அதற்குக் கீழே, "பிரதிவாதியின் இடது பெருவிரல் ரேகை" என்று இருந்தது.

அம்மா ஐந்தாவது வரை படித்தவள். எனக்கு அனா ஆவன்னா எழுதப் பழக்கியவளே அவள்தான். ரேகை வைக்க வேண்டிய அவசியம் என்ன? மாமா வேறொரு பெண்ணைக் கூட்டிப்போய் நிறுத்தி ராஜியை முடித்திருக்கிறார் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டில் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நகலை முன்னால் வைத்தேன்.

"இது யாரு ரேகை?"

கை துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். அவசரமே இல்லை.

"என்னோடதுதான்."

"உனக்குத்தான் கையெழுத்துத் தெரியுமே?"

"தெரியும். கையெழுத்துப் போட்டா, படிச்சுப் பாத்துச் சம்மதிச்சேன்னு ஆயிரும். ரேகை வச்சா, எழுதப்படிக்கத் தெரியாதவ, என்ன எழுதியிருந்துச்சுன்னே தெரியாதுன்னு நாளைக்குச் சொல்லிக்கிறலாம்ல?"

"அப்ப அன்னைக்கே என்னைக் குடுக்கக் கூடாதுன்னு நெனச்சுத்தான்…"

"குடுப்பேனா?"

எனக்குப் பத்து வயது முடியப்போகும் சமயத்தில்தான், ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒரே நாளில் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வடமதுரைக்கு வந்தோம். புதுப் பள்ளியில் மாமாவின் இன்ஷியலைக் கொடுத்தார்கள். கடன் தொல்லை என்று அப்போது எனக்குச் சொன்னார்கள்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்தாருன்னு சொன்னியே அம்மா."

"வேணும்னாருன்னு சொன்னா நீ தேடிப் போயிருப்ப."

மாமா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் திரும்பி, நம்பரை ஏன் கொடுத்தீர்கள் என்றேன். "கட்டு இன்னும் இருக்கான்னு விசாரிக்கத்தான் அன்னைக்குப் போனேன். உன்ன அங்கிட்டுப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நீ விடமாட்டேன்னு. உங்கம்மா இருக்கையிலேயே தெரிஞ்சுக்கிட்டாத்தான அவகிட்ட கேக்க முடியும்? அவ போனதுக்கப்புறம் தெரிஞ்சா எங்கிட்டப் போயிக் கேப்ப?" என்றார்.

கேட்ட நகலை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டினோம். முறையாகத் தீர்த்துக்கொள்ளவும் இல்லாமல் சேர்ந்தும் இல்லாமல் இருக்கிற குடும்பம் தங்களுக்கு ஒத்துவராது என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள். அது எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. நகலில் அப்பாவின் விலாசம் இருந்தது, சிறுமலை அடிவாரத்து ஊர். ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கு ஒருவர் வந்தார். இவர்தான் அப்பா என்று எப்படி நம்புவது? ராஜியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார். "பத்து வயசு முடிஞ்சதும் எங்கிட்ட விடணும்."

"வந்தீகளா?"

"வந்தேன். வீடு பூட்டிக் கெடந்துச்சு. கரூருப் பக்கம் போயிட்டாகன்னு அக்கம்பக்கத்துல சொன்னாக."

"கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே? எழுதிக் குடுத்தது இருக்கே."

மைதானத்தில் ஓடும் பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போயிருக்கலாம். அப்ப எனக்கு வேற பிள்ளைக ரெண்டு ஆயிருச்சு. அந்த வீட்டுல ஒன்னைய எப்படி வச்சுக்கிறதுன்னும் பயமா இருந்துச்சு. வீடு பூட்டியிருந்தது ஒருவகையில…"

அந்த வருஷம் முழுக்க நான் கேட்ட பேச்சுகளில் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான். ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு அவரை பஸ் நிற்கும் இடம் வரை கூட்டிப்போனேன். வழியில் என் சம்பளத்தையோ கல்யாணத்தையோ பற்றி அவர் கேட்கவில்லை. எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாய் என்று மட்டும் கேட்டார். இரண்டாம் வகுப்பு என்றேன்.

வீட்டில் வந்து சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்.

"எதையாச்சும் எழுதி வாங்கிக்கிட்டுப் போனாரா?"