கடைசி வரியைச் சேர்த்தவர்

ஹாலிஎல பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு சின்னக் கடையில் கணினியில் தட்டச்சு செய்து கொடுக்கும் பெண்மணி அவர். மூக்கு நுனியில் கண்ணாடி, காதோரம் செருகிய பேனை. லயத்து வீட்டுக் கூரை, பிறப்புச் சான்றிதழ் என்று தேயிலைத் தோட்டத்து மக்கள் சொல்லச் சொல்ல, அதை மனுவாக்கிவிடுவார். என் கதைகளையும் அவர்தான் அடிப்பார். அவற்றைப் போடுவதில்லை என்பதில் எல்லாப் பத்திரிகைகளும் ஒற்றுமையாக இருந்தன.

அன்று கொடுத்ததுதான் கடைசிக் கதை என்று முடிவு செய்திருந்தேன். ஒழுகும் லயத்தில் மழையோடு மல்லுக்கட்டும் ஒரு தாயின் கதை. அடித்த தாளை வாங்கிப் பார்த்தால் கடைசி வரியாக, "எனவே, தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்றிருந்தது.

"இது நான் எழுதலையேம்மா!"

"நீங்க மறந்துட்டீங்க சார். அந்தப் பொம்பள இவ்வளவு கஷ்டப்படுது, யார்கிட்டயாச்சும் கேக்க வேணாமா?"

வாதாடத் தெம்பில்லாமல் அப்படியே அனுப்பிவிட்டேன். கதை பிரசுரமானது. முடிவை மிகவும் ரசித்ததாக ஆசிரியர் எழுதியிருந்தார். பெருந்தன்மையோடு பத்திரிகையைக் கொண்டுபோய் அந்தப் பெண்மணியிடம் நீட்டினேன்.

அவர் புரட்டக்கூட இல்லை. "கூரை போட்டுக் குடுத்தாங்களா சார்?"

"இல்லைங்க."

"அப்ப இன்னொண்ணு எழுதிட்டு வாங்க. ஒரே மனுவுல எவன் செஞ்சான்?"

அது கதை என்று தெரியாமல் பேசினாரா, தெரிந்தேதானா? கேட்கத் துணிவின்றி, பக்கத்துக் கடையில் எழுத ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.