ஒன்பது பலகை

அம்மா போனது புயல் கரையைக் கடந்த நான்காம் நாள், விடிகாலை சுபுஹு பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில். மூன்று வருடமாகப் படுக்கையில் கிடந்தவள்தான். அதனால் நான் மனதளவில் தயாராக இருந்தேன் என்று சொன்னால் அது பச்சைப்பொய். கரண்ட் இல்லாத வீட்டில் விடிய விடிய விசிறிக்கொண்டிருந்த அக்காதான் முதலில் கவனித்தாள். என்னைக் கூப்பிடவில்லை. விசிறுவதை நிறுத்தினாள். அந்தச் சத்தம் நின்றதில் எழுந்து போய், டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய் திறந்து ஒரு பக்கம் இழுத்திருந்தது. சரியாகப் பார்க்க முடியாமல் விளக்கை அணைத்துவிட்டேன்.

எங்களில் மய்யித்தை வைத்திருக்க மாட்டோம், அன்றே அடக்கம். வைத்திருக்க நினைத்தாலும் வழியில்லை, ஐஸ் பெட்டிக்கும் கரண்ட் வேண்டுமே. மாலை அசர் தொழுகைக்குப் பிறகு என்று பள்ளிவாசலில் முடிவானது. ஏழு மணிக்குக் குழி வெட்டுகிறவர் மையவாடியிலிருந்து போன் செய்தார்.

"பாய், வெட்ட வெட்டத் தண்ணி ஊறுது. ரெண்டு பேரு வாளியில எறைச்சிக்கிட்டே இருக்காங்க. அசருக்கு மேல தாங்காது, மண்ணு சரிஞ்சிடும். அப்புறம் இன்னொண்ணு. பலகை இல்ல."

"இல்லன்னா என்ன அர்த்தம்?"

"புயல்ல மூணு மய்யித்து வந்துச்சி. ஷெட்டுல இருந்ததெல்லாம் தீந்துபோச்சி. ஒம்பது பலகை வேணும். உங்ககிட்டதான் மெஷின் இருக்கே."

குழிக்குள் உடலைக் கிடத்தியதும் அதற்கு மேலே, இரண்டு பக்கத்து மண் திட்டிலும் தாங்கும்படி, குறுக்கே பலகைகளை அடுக்குவோம். மண் அதன் மேல்தான் விழ வேண்டும், உடம்பின் மேல் விழக் கூடாது. மூன்றரை அடி நீளம், எட்டங்குல அகலம், ஒன்பது பலகை. மற்ற நாளாக இருந்தால் ஒரு போன் போட்டால் மர டிப்போவிலிருந்து வந்து இறங்கிவிடும். அன்று எந்த டிப்போவிலும் ரம்பம் ஓடவில்லை. தவளக்குப்பம் பக்கம் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், கடலூரிலிருந்தும் ஒன்றும் வராது. கரண்ட் இல்லாமல் மரம் அறுக்கிற மெஷின் எனக்குத் தெரிந்து இந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது.

அதை வாங்கியபோது ஊரே சிரித்தது. எல்லோரும் மரத்தை ரம்பத்திடம் கொண்டுபோவார்கள், நான் ரம்பத்தை மரத்திடம் இழுத்துக்கொண்டு போகிறேன். இரண்டு இரும்புத் தண்டவாளம், அதன் மேல் உருளும் ஒரு தலை, தலைக்குள் பெட்ரோல் என்ஜின், பெல்ட் மாதிரி சுற்றுகிற மெல்லிய பிளேடு. மரம் அசையாமல் கிடக்கும், தலையைத் தள்ளிக்கொண்டு நாம் நடக்க வேண்டும். டாட்டா ஏஸுக்குப் பின்னால் கட்டி, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் வீட்டுத் தோட்டத்து மாமரம் வரைக்கும் அறுத்திருக்கிறேன். நான் அறுத்தால் பலகை நூல் பிடித்தது போல இருக்கும். இது பெருமைக்குச் சொல்வதில்லை. அது எனக்கு ஒரு வியாதி. "அப்பளம் கோணலா பொரிஞ்சாலே தட்டத் தள்ளி வெச்சவன்டா நீ" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

என் மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். எனக்கு வலது கையாக வேலை செய்கிறவன் அவன்தான். ஏழடியில் ஒரு வேப்பந்துண்டு கிடந்தது. எங்கள் தெருமுனையில் விழுந்த மரம். வழியை அடைத்ததென்று நகராட்சி ஆட்கள் துண்டு போட்டு ஓரத்தில் தள்ளியிருந்ததை முந்தின நாள்தான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். ஏழடிப் பலகை ஐந்து எடுத்து, பாதி பாதியாக நறுக்கினால் பத்து. கணக்கு சுலபம். காலை பத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வழக்கமாக எந்த மரத்தையும் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தடவிப் பார்க்காமல் நான் மெஷினில் ஏற்றுவதில்லை. இந்த ஊரில் ஆணி அடிக்காத தெருமரமே கிடையாது. டியூஷன் போர்டு, வாடகைக்கு ரூம், கட்சிக் கொடி, மூல வைத்தியர். நாலைந்து வருடத்தில் மரம் ஆணியை விழுங்கி, மேலே தோல் மூடிக்கொள்ளும். வெளியே ஒன்றுமே தெரியாது. ஆனால் டிடெக்டரில் பேட்டரி இல்லை. அம்மா அறை டார்ச்சுக்குக் கழற்றிப் போட்டது நான்தான். பட்டையைக் கையால் தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஏற்றச் சொன்னேன்.

மெஷினில் இருந்தது புயல் வாரம் முழுக்க ஓடிக் களைத்த பிளேடு. அதோடு தொடங்கினேன். மேல் தோலையும் கீழ்த் தோலையும் சீவி எறிந்தேன். பட்டையோடு அரைவட்டமாக வருகிற அந்தப் புறப்பலகைகள் அடுப்புக்குத்தான் போகும். பிறகு பலகை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றிலும் கணு வந்த இடத்தில் மொண்ணைப் பிளேடு மேலே ஏறி இறங்கியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நடுவில் விரல் நுழையும். பச்சை வேம்பின் கசப்பு வாசம் தொண்டை வரை வந்தது. இந்தக் கோணல் பலகையையா என் அம்மாவுக்குப் போடுவேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றிய அந்த நிமிடத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"இத ஓரமா போடு, மாப்ள. புது பிளேட எடு."

"மச்சான், அது ஒண்ணுதான் இருக்கு. இதே போதும். மண்ணுக்கு அடியில யாரு பாக்கப் போறா?"

"உங்க அம்மான்னா இப்படிப் பேசுவியா?" என்று கத்தினேன். அவனுடைய அம்மா அவன் ஆறாவது படிக்கும்போதே போய்விட்டாள். அவன் பிளேடை எடுத்து மாட்டினான்.

அப்போது அக்கா போன் செய்தாள். பதினொரு மணி இருக்கும்.

"குளிப்பாட்டியாச்சிடா. கஃபன் துணி சுத்திட்டோம், முகம் மட்டும் தொறந்து வெச்சிருக்கோம். வந்து பாத்துட்டுப் போ. வாயெல்லாம் மூடி, முகம் எவ்ளோ தெளிவா இருக்கு தெரியுமா? சின்ன வயசுல பாத்த மாரி இருக்கு."

"அரை மணி நேரம்க்கா. பலகைய முடிச்சிட்டு வந்துடறேன்."

"பலகைய வேற யாராவது பாக்க மாட்டாங்களா?"

"வேற யாருக்கு ஓட்டத் தெரியும்?" என்று வள்ளென்று விழுந்தேன். போனில் நான்கு சதவீதம் சார்ஜ் இருந்தது.

புது பிளேடு வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. பிளேடைக் குளிர்விக்கிற தண்ணீர் சொட்டச் சொட்ட, ஈரத்தூள் என் காலில் அப்ப அப்ப, நான்கடி தூரம் தலையைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். இப்போதுதான் சரி என்று மனதுக்குள் சொல்லியும் கொண்டேன். அடுத்த கணம் டக்கென்று ஒரு பொறி. பல் நறநறத்தது. நான் என்ஜினை அணைப்பதற்குள் பட்டென்று பிளேடு அறுந்து மூடிக்குள் போய்ச் சுருண்டது.

உளியை எடுத்து அந்த இடத்தைக் கொத்தினேன். கொத்துவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, நேரம்தான் போகும். தெரிந்தும் பைத்தியக்காரன் மாதிரி கொத்தினேன். மூன்றங்குல ஆணி. அதன் தலையோடு ஒரு துண்டுத் தகரம் ஒட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தால் மஞ்சள் பெயிண்ட், அதன் மேல் பச்சையில் பாதி எழுத்து. மெஷின் வாங்கிய புதிதில், உங்கள் இடத்துக்கே வந்து மரம் அறுத்துத் தரப்படும் என்று எழுதி, ஊர் முழுக்க நானே ஏணி போட்டு ஏறி அடித்த போர்டு அது. மூல வைத்தியரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று வாயை மூடினேன். மாப்பிள்ளை ஆணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நல்லவன், சிரிக்கவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு பிளேடு தேடிப் போனேன். இரண்டு தச்சுப் பட்டறையில் பூட்டு. மூன்றாவதில் ஆள் இருந்தார், அவரிடம் இருந்தது வேறு அளவு. குருசுக்குப்பத்தில் எனக்குப் பழக்கமான ஒரு படகுக்காரர் என்றைக்கோ என்னிடம் பழைய பிளேடு ஒன்று வாங்கிப் போயிருந்தார். மீன் வெட்டும் கத்தி செய்யவென்று அதை எப்போதோ துண்டு போட்டுவிட்டாராம். நான் நின்ற கோலத்தைப் பார்த்து, "என்னா பாய், யாருக்கு என்னா ஆச்சி?" என்று கேட்டார். சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். கையை உதறிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். பரிவை வாங்கிக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. கடற்கரை ரோட்டில் சாய்ந்து கிடந்த மரங்களைக் கடக்கும்போது வாய்விட்டு அழுதேன். ரெயின்கோட்டும் ஹெல்மெட்டும் போட்டவன் அழுவது யாருக்குத் தெரியும்.

வழியிலேயே அக்காவின் போன், மணி மூன்றாகியிருந்தது. "டேய், பள்ளிக்குத் தூக்கணும்ங்கறாங்க. ஹஜ்ரத்து ரெண்டு தடவ கேட்டுட்டாரு. உனக்காகத்தான் முகத்த மூடாம வெச்சிருக்கோம். எங்கடா இருக்க?" வீடு வலது பக்கம் திரும்பினால் ஐந்து நிமிடம். பட்டறை இடது பக்கம், பிளேடு இல்லாவிட்டாலும் அங்கே கிடக்கிற செயின் ரம்பத்தை வைத்து எதையாவது ஒப்பேற்றியாக வேண்டும். அந்த முக்கில் வண்டியை நிறுத்தினேன். முகம் பார்க்கப் போனால் பலகை இல்லை. பலகை இல்லாவிட்டால் அவள் மேல் மண்.

"மூடிடுங்கக்கா" என்றேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, போன் அணைந்துவிட்டது.

பட்டறையில் மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. நான் ஓரமாகப் போடச் சொன்ன மூன்று கோணல் பலகைகளையும் செயின் ரம்பத்தால் பாதி பாதியாக நறுக்கி வைத்திருந்தான். ஆறு. அடுப்புக்கென்று எறிந்த புறப்பலகை இரண்டையும் எடுத்து அளவுக்கு நறுக்கியிருந்தான். அதில் மூன்று தேறியது. ஆக ஒன்பது. காலையில் அவன் சொன்னபோதே கேட்டிருந்தால் பதினொரு மணிக்கு நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. "ஏத்தலாமா மச்சான்?" என்று மட்டும் கேட்டான்.

மையவாடியில் முழங்கால் தண்ணீரில் ஏஸைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தவும், பள்ளியிலிருந்து அம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் சுமந்துகொண்டு ஆட்கள் வரவும் சரியாக இருந்தது. தொழுகையும் போயிற்று. பெற்ற தாயின் ஜனாஸா தொழுகையில் மகன் இல்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

குழியின் ஒரு பக்கம் ஏற்கனவே சரியத் தொடங்கியிருந்தது. இரண்டு பேர் விடாமல் வாளியில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கப் போனேன். குழி வெட்டுகிறவர் தடுத்தார்.

"ரெண்டு பேருக்கு மேல எறங்கினா கரை மொத்தமா உழுந்துடும் பாய். நீங்க கனமான ஆளு. உங்க மாப்ள வரட்டும். நீங்க மேல இருந்து பலகை குடுங்க. எது எங்க போடறதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அவர்கள் இருவரும் இறங்கி, அடியில் காய்ந்த மணல் இரண்டு மூட்டை கொட்டி, அம்மாவை வாங்கிக் கிடத்தினார்கள். கஃபன் முடிச்சுகளை அவிழ்த்து, முகத்தைத் தொழுகிற திசையான கிப்லா பக்கம் திருப்பினான் மாப்பிள்ளை. நான் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் அவன் முதுகு மறைத்தது. அந்தப் பக்கம் போகலாம் என்றால் அங்குதான் கரை சரிகிறது. கால் மாட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பலகை கொடுத்தேன். பட்டையோடு இருந்த மூன்றையும் காலுக்கு. இருப்பதில் நேரானவற்றைத் தலைக்கு என்று பிரித்து வைத்திருந்தேன். நேரானது என்று எதுவுமில்லை. எட்டாவதும் ஒன்பதாவதும் தலைமாட்டில் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். புரட்டிப் போட்டுப் பார்த்தார்கள். சேரவில்லை.

"பரவால்ல, களிமண்ண உருட்டி அடைச்சிடலாம்" என்று சொல்லி இருவரும் மேலே ஏறினார்கள்.

ஈரத்தில் குப்புறப் படுத்து, அந்த இடுக்கில் கண்ணை வைத்தேன். இருட்டாக இருந்தது. கண் பழக வெள்ளைத் துணி தெரிந்தது, துணி ஓரத்தில் ஒரு காது, காதோரம் ஈரம் காயாத நரைமுடி, கன்னத்தில் பாதி. வாய் மூடியிருந்ததா என்று தெரியவில்லை. அக்கா சொன்ன அந்தத் தெளிவு எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஒழுங்காக அறுத்திருந்தால் இதுகூட எனக்குக் கிடைத்திருக்காது. அதை நினைத்து சந்தோஷப்படுவதா, வயிற்றில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல், "அம்மா, மாப்பு குடுத்துடும்மா" என்று அந்த இடுக்குக்குள் சொன்னேன்.

குழி வெட்டுகிறவர் களிமண் உருண்டையோடு வந்து குனிந்தார். ஆட்கள் மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு சுற்றி நின்றார்கள். மழை மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. என் உள்ளங்கை தானாகப் போய் அந்த இடுக்கை மூடிக்கொண்டது.

"கைய எடுங்க பாய்."

எடுக்கவில்லை.

"மண்ணு போடணும் பாய், தண்ணி ஏறுது. கைய எடுங்க."

மாப்பிள்ளை என் பக்கத்தில் சேற்றில் மண்டியிட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.