பென்சிலில் எழுதிய பெயர்

ஸ்கூட்டருக்குப் புதுச்சேரி எண் வாங்கும் விண்ணப்பத்தில், உரிமையாளர் என்ற கட்டத்தில், என் தம்பி தன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். பேனாவால் எழுதவில்லையே என்று நான் சந்தோஷப்பட வேண்டுமாம்.

"சும்மா ஒரு அடையாளத்துக்குத்தான்க்கா. நீ சரின்னு சொன்னா பேனாவுல எழுதிக்கலாம்" என்றான். நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை, வாயில் சோறு இருந்தது.

கணவர் இறந்த பிறகு பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து லாஸ்பேட்டைக்கு வந்தேன். ஒரு மாணவியர் விடுதியில் மேற்பார்வை வேலை. தம்பி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு போர்ஷன். என்னோடு வந்தது இந்த ஸ்கூட்டர்தான். எண் தமிழ்நாட்டு எண், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் அவருடையது. வாங்கிய அன்று அதற்குப் பூமாலை போட்டுக் கோயிலைச் சுற்றியதோடு சரி, அவர் அதைத் தொட்டதில்லை. பதினோரு வருஷம் ஓட்டியவள் நான். வாரிசுச் சான்றில் இருப்பதும் நான் ஒருத்திதான். ஆனால் நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் வண்டி தம்பி பெயருக்குப் போய்விடும். என் வண்டியை ஓட்ட நான் அவனிடம் கேட்டு நிற்க வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லையே, கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மறுநாள் கேட்டேன். "ஏன்டா, என் பேருல இருந்தா என்ன?"

"லைசென்ஸ் இல்லாதவ பேருல வண்டி எதுக்குக்கா?"

உண்மைதான், என்னிடம் லைசென்ஸ் இல்லை. பதினோரு வருஷமும் இல்லாமல்தான் ஓட்டினேன். போலீஸ் மெயின் ரோட்டில் நிற்பார்கள், நான் முந்திரித் தோப்பு வழியாகப் போய்விடுவேன். எங்கள் ஊரில் வண்டி ஓட்டும் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான். பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

"வாங்கிட்டா?" என்றேன்.

சிரித்தான். "வாங்கு. அப்புறம் உன் பேருலயே போட்டுக்கலாம். நான் வேணா ஒருத்தர்கிட்ட சொல்லி வைக்கிறேன், நீ போயி நின்னா போதும்."

"ஒருத்தர்கிட்டயும் சொல்ல வேணாம்" என்றேன்.

எல்.எல்.ஆர். தேர்வைச் சுலபமாகத் தாண்டினேன். கம்ப்யூட்டரில் சாலைக் குறிகளைக் காட்டிக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "நீங்க யாரு மூலமா வந்திருக்கீங்க?" என்று விசாரித்தாள். பஸ் எது என்று கேட்பதுபோல அத்தனை இயல்பாகக் கேட்டாள். தனியாக வந்தேன் என்றதும் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

தரையில் எட்டு போட்டிருந்தது. பதினோரு வருஷம் ஓட்டியவளுக்கு எட்டு என்ன, பதினாறே போடலாம் என்ற திமிரோடு கிளம்பினேன். முடித்து வந்து நின்றால் இன்ஸ்பெக்டர், "காலை ஊனிட்டீங்கம்மா" என்றார்.

"இல்ல சார்."

அவர் கோபப்படவில்லை. வளைவில் இருந்த புழுதியைக் காட்டினார். என் செருப்புத் தடம் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு கிடந்தது. எனக்கே தெரியாமல் ஊன்றியிருக்கிறேன். தோப்பு மணலில் வண்டி சறுக்கும் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் வளைவு வந்தாலே இரண்டு காலையும் இறக்கிவிடுவோம். வண்டிக்கு இரண்டு சக்கரம், எங்களுக்கு நான்கு.

தம்பி கிண்டல் செய்யவில்லை. "நாப்பத்தேழு வயசுல எதுக்குக்கா இந்த வேலை?" என்று அன்பாகத்தான் கேட்டான். அந்த அன்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. போடா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

விடுதிக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட மைதானம் ஒன்று உண்டு. அதில் செங்கல் வைத்து எட்டின் வடிவத்தை அமைத்தேன். எவ்வளவு முயன்றாலும் வளைவில் கால் தானாக இறங்கியது. புத்திக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் மத்தியானம் ஒரு மணிக்குச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். சித்திரை வெயில், தரை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. முதல் வளைவிலேயே பாதம் பொரிந்தது. திரும்பவும் ஏறினேன். ஜன்னலில் நின்ற மாணவிகள் இவளுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். நான்காம் நாள் கால் இறங்கவில்லை. அடியில் நெருப்பு இருக்கிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது.

இரண்டாம் முறை போனபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். எட்டை இரண்டு தடவை போட்டேன், கேட்டது ஒரு தடவைதான்.

"செருப்பு எங்கம்மா?" என்றார் அதே இன்ஸ்பெக்டர்.

"வெளிய வுட்டுட்டு வந்தேன் சார்."

புழுதியைப் பார்த்தார். டயர் தடம் மட்டும் இருந்தது. தாளில் டிக் அடித்தார்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று நேராகத் தம்பி வீட்டுக்குப் போய் விண்ணப்பத்தை எடுக்கச் சொன்னேன். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, வண்டியின் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து ஒட்ட வேண்டும், தானே எடுத்துத் தருவதாகச் சொல்லி வெளியே வந்து வண்டிப் பக்கம் குனிந்தான். பென்சிலை வாங்கிக்கொண்டேன். தெருவில் மண்டியிட்டு, எண் வெட்டிய இடத்தில் தாளை வைத்துத் தேய்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக மேலே வந்தது.

அதே பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அதன் ரப்பரால் அவன் பெயரை அழித்தேன். அவன் எதையும் அழுத்தி எழுதுகிறவன். கரி போயிற்று, தடம் போகவில்லை. அந்தத் தடத்தின் மேலேயே பேனாவை வைத்து என் பெயரை எழுதினேன். அவன் பெயரைவிட என் பெயர் நீளம்.

"கட்டத்துக்கு வெளிய போவுதுக்கா" என்றான்.

"போவட்டும்" என்றேன்.